வரவை இடப்பக்கம் எழுதியவர்

ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு, எழுதியதை அழிக்க ரப்பரைத் தொடாத ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். பிழையாக எழுதிவிட்டால் அதன்மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார், அவ்வளவுதான். கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து தெரிய வேண்டும். "அழிச்சுப்புட்டா அது எங்கேருந்து வந்துச்சுன்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது?" என்பார். கோடு, அதன்மேல் இன்னொரு கோடு, ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்வி என்று அவருடைய நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும். அதைத் திருத்த உட்கார்ந்தால் எனக்குக் கண் வலிக்கும்.

மலாயாவில், மூவாரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் அப்போது நான் வாத்தியார். பகலில் பிள்ளைகளுக்குக் கணிதம். வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்குப்பதிவு வகுப்பு. அதற்கான பரீட்சைக்குக் கேள்வித்தாள் லண்டனிலிருந்து வரும். விடைத்தாள் கப்பலேறிப் போகும். மாதங்கள் கழித்து முடிவு வரும். ரப்பர் விலை படுத்துப்போய்த் தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் எந்தக் கம்பெனியிலாவது ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பித்தான் எல்லாரும் வந்தார்கள். சிலர் தோட்டத்திலிருந்து ஆறு மைல் சைக்கிள் மிதித்து வருவார்கள்.

எனக்கு வயது இருபத்தாறு. யாழ்ப்பாணத்தில் படித்து, சிங்கப்பூரில் அதே பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவன் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. என் வகுப்பில் மூன்று ஆண்டுகளில் தேறியவர் ஒரே ஒருவர், அவரும் மலாக்காவில் பாதி படித்துவிட்டு வந்தவர் என்ற உண்மை அந்தத் திமிரைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆற்றங்கரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில், ஒரு மொத்த அரிசிக் கடையில் கணக்கப்பிள்ளை. இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவர். வெள்ளைச் சாரம், கறுப்புத் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மற்றவர்கள் செருப்போடு வகுப்புக்குள் வருவார்கள், அவர் மட்டும் வாசலில் கழற்றிவிட்டு வருவார். பையன்கள் அவரை 'பாய்' என்பார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் 'நானா' என்பேன். பரீட்சையில் மூன்று முறை தோற்றவர் அவர். அதைப் பற்றி வெட்கமே இல்லாமல், மூன்று பிள்ளைகள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்.

ஒருநாள் அவருடைய ஒரு பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்துக் கொடுத்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாத்தியாரே, கோவிச்சுக்காதீங்க. இதுல என்னா தப்பு?"

"முழுக்கப் பிழை. பார்க்கத் தெரியேல்லையோ?"

"தப்புங்கிறது தெரியுது. எப்புடித் தப்பாச்சுங்கிறது தெரியலையே. எங்க கடையில ஒரு மூட்டை அரிசி குறைஞ்சா, குறைஞ்சு போச்சுன்னு எழுதிட்டு விட்டுற மாட்டோம். எலியா, ஓட்டையா, ஆளான்னு பாப்போம்."

"பிழை எண்டால் பிழைதான், நானா. சரியான விடை கரும்பலகையிலை கிடக்கு. அதைப் பார்த்து எழுதிப் பாடமாக்குங்கோ."

"பாடம் பண்ணித்தான் மூணு தடவை விழுந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் கோபம் வந்தது. பதில் தெரியாத கேள்வியைக் கேட்பவன்மேல் வாத்தியாருக்கு வருகிற கோபம் அது என்று இப்போது தெரிகிறது. அன்று அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர், சத்தம் போடாத மனிதர். வகுப்பறை, சுண்ணாம்புக்கட்டி, எனக்குக் கொடுக்கும் கூடுதல் சம்பளம் என்று செலவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இன்னும் ஒரே ஒரு பரீட்சை பார்ப்போம், பாதிப் பேராவது தேறாவிட்டால் மாலை வகுப்பை மூடிவிடலாம் என்றார். மூவாரில் வேறு அப்படி ஒரு வகுப்பு கிடையாது. அடுத்தது என்றால் ஜொகூர் பாருவுக்குத்தான் போக வேண்டும். வேலையில் இருப்பவனுக்கு அது நடக்கிற காரியமில்லை.

நான் வகுப்புக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். "உங்கட மண்டைக்குள்ளை களிமண்தான் கிடக்கு" என்றுகூடச் சொன்னேன். பதினொரு பேரும் தலை குனிந்திருந்தார்கள். அவர் மட்டும் எழுந்தார்.

"எத்தனை பேரு பாஸாகணும் வாத்தியாரே?"

"பாதி."

"பதினொண்ணுல பாதின்னா ஆறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் திட்டியது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது.

அடுத்த வகுப்பன்று வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் இரண்டு பொருள்களைக் கேட்டு வாங்கினார். ஒன்று, பழைய நோட்டுப் புத்தகங்கள் எல்லாம். இன்னொன்று, ரப்பர். எதையும் இனி யாரும் அழிக்கக் கூடாதாம். தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் இளங்கிராணி ஒருவன், வாய்த்துடுக்கு உள்ளவன், கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றான்.

"அலமாக், பாய்! நீங்க பாஸாகுற வழியப் பாருங்கலா. அடுத்தவன் தப்பு உங்களுக்கு எதுக்கு?"

"தம்பி, நான் மூணு தடவை விழுந்தவன். நாலாவது தடவையும் விழுந்தா? அஞ்சாவது தடவை எழுதுறதுக்கு வகுப்பு இருக்கணும்ல? அதுக்கு உங்கள்ல ஆறு பேரு பாஸாகியே தீரணும். ரப்பரைக் குடு."

கிராணி கொடுத்துவிட்டான். அந்தப் பதிலில் தியாகம் கியாகம் எதுவும் இல்லாததுதான் எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய கடை ஆட்டம் கண்டிருந்தது. முதலாளி எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு ஊருக்குப் போகும் யோசனையில் இருந்தார். நாலு கட்டடம் தள்ளி ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது, ஆனால் சான்றிதழ் இல்லாதவனை அங்கே படியேற விட மாட்டார்கள். இருபது வருடம் கணக்கெழுதிய மனிதர், கணக்கெழுதத் தெரியும் என்பதற்கு ஒரு காகிதம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். ரங்கூன் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து, எங்கள் வகுப்பின் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். எதிரே வரிசையாக ஏழெட்டுத் தேங்காய்ச் சிரட்டைகள். ஒவ்வொரு சிரட்டையும் ஒரு வகைப் பிழைக்கு. கூட்டல் பிழைக்கு ஒன்று, தேதிப் பிழைக்கு ஒன்று, தலைப்பை மாற்றி எழுதியதற்கு ஒன்று. நோட்டில் ஒரு பிழையைப் பார்த்தால் அதற்குரிய சிரட்டையில் ஒரு பச்சைப் பயறு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எல்லாச் சிரட்டையிலும் அடியில் கொஞ்சம் பயறு கிடந்தது. ஒரே ஒன்றுமட்டும் நிரம்பிப் பாயில் சிந்திக் கிடந்தது.

"இது என்ன?"

"பக்கம் மாத்திப் போட்டது. இடப்பக்கம் போட வேண்டியதை வலப்பக்கம், வலப்பக்கம் போட வேண்டியதை இடப்பக்கம். எல்லாரும் ஒரே மாதிரி மாத்திப் போடுறோம் வாத்தியாரே. மண்டையில களிமண்ணு இருந்தா ஆளுக்கு ஒரு மாதிரிலா தப்பு வரும்?"

பிறகு அலமாரியிலிருந்து கடையின் பேரேட்டை எடுத்தார். நீளமான, சிவப்புத் துணி போட்டுத் தைத்த புத்தகம். திறந்து காட்டினார். ஒரு வாடிக்கைக்காரரின் பெயர் மேலே. அதற்குக் கீழே இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. அவர் கொடுத்த பணமெல்லாம் இடத்தில், அவர் வாங்கிய சரக்கெல்லாம் வலத்தில். ஆங்கிலப் பேரேட்டில் அப்படியே நேர்மாறு.

நான் தமிழன். கணக்குப்பதிவு வாத்தியார். அதுவரை ஒரு தமிழ்க் கடையின் பேரேட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. என் மாணவர்களோ அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கடைக்கணக்குப் புத்தகம் ஒன்று ஆணியில் தொங்கும். எழுத்துக் கூட்டப் பழகியதே அவர்களில் பலர் அந்தப் புத்தகத்தில்தான். ரொக்கப் புத்தகம் மட்டும் இரண்டு முறையிலும் ஒன்றுதான், வந்தது இடம், போனது வலம். அதனால் அதில் யாரும் தவறுவதில்லை. ஆள் கணக்குக்குப் போனவுடனே கை பழைய பக்கத்துக்கே போய்விடும். நானோ சிவப்பு மையைத் தவிர வேறு மருந்து கொடுத்ததில்லை. அந்த அரிசி மூட்டைகளுக்கு நடுவே என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை.

"சரி, கண்டுபிடிச்சாச்சு" என்றார். "இப்பச் சொல்லுங்க, வெள்ளைக்காரன் ஏன் மாத்திப் போடுறான்?"

இதைத்தானே இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். புத்தகத்தில் படித்த விதி மனப்பாடமாக இருந்தது, காரணம் இல்லை. கடைசியில் அவருடைய பேரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது.

"நானா, உங்கட புத்தகத்திலை இந்தப் பக்கம் கடைக்காரன்ரை பக்கம். எனக்கு வந்தது, என்னட்டையிருந்து போனது எண்டு எழுதுறியள். இங்கிலீசுப் புத்தகத்திலை பக்கம் அந்த ஆளின்ரை பக்கம். பக்கத்தைத் திறந்தால் நீங்கள் அந்த ஆளாய் மாறவேணும். அவருக்கு வந்தது இடம், அவர் குடுத்தது வலம்."

அவர் கிராம்பைக் கடிப்பதை நிறுத்தினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"அதாவது, இடது கையால வாங்கி வலது கையால குடுக்கணும்."

"ஓம்."

"சீச்சீ! இடது கையால வாங்குறது என்னா பழக்கம் வாத்தியாரே? யாராச்சும் வாங்குவாங்களா? கடையில சில்லறையக்கூட வாங்க மாட்டோமே!"

அவர் உண்மையாகவே அருவருத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதர் சிரிக்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இது மறக்காது" என்றார்.

அடுத்த வகுப்பில் பாடம் நடந்த விதத்தைத் தலைமை ஆசிரியர் பார்த்திருந்தால் வகுப்பை அன்றே மூடியிருப்பார். மேசை நாற்காலியை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பதினொரு பேரையும் வட்டமாக நிற்கவைத்தோம். ஒருவன் ரொக்கம், ஒருவன் சரக்கு, மற்றவர்கள் வாங்குகிற ஆள்கள், விற்கிற ஆள்கள். நான் கேள்வித்தாளிலிருந்து ஒரு வியாபாரத்தைப் படிப்பேன். மைக்கூடும் புத்தகமும் சுண்ணாம்புக்கட்டியும் கை மாறும். வலக்கையால் கொடுக்க வேண்டும், இடக்கையால் வாங்க வேண்டும். முதல்நாள் ஒருவருக்கும் இடக்கை நீளவில்லை. யாராவது பழக்கத்தில் வலக்கையை நீட்டினால் அவர் அதைத் தட்டிவிடுவார்.

"இடது கை! கூச்சப்படு. நல்லாக் கூச்சப்படு. கூசுனாத்தான் ஞாபகம் இருக்கும்."

"எங்கம்மா பாத்தா வெளக்கமாத்தால அடிக்கும் பாய்" என்றான் கிராணி.

"அடிக்கட்டும். பாஸாயிட்டு வாங்கிக்க."

பள்ளிக்கூடத்துப் பியூன் சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, கணக்கு வாத்தியார் வகுப்பில் எல்லாருக்கும் இங்கிதம் கெட்டுப்போய்விட்டது என்று ஊரில் சொல்லிவிட்டான். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஐந்து மாதம். மழையில் படகு ஓடாத நாளில்கூட ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். வராதவன் வீட்டுக்கு அவரே போய் நிற்பார். ஒருவனைக் கல்யாண வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அவரைக் கண்டால் எரிச்சல்படாதவன் எங்கள் வகுப்பில் ஒருவனும் இல்லை. அவரில்லாமல் கணக்கைத் தொடங்கியவனும் ஒருவனும் இல்லை.

பரீட்சை எங்கள் பள்ளியிலேயே நடந்தது. தலைமை ஆசிரியர் மேற்பார்வை. மையும் தாளும் கொடுப்பது என் வேலை. வாய் திறக்கக் கூடாது. கேள்வித்தாளைப் பார்த்தேன். நிலக்கரி வியாபாரி, கம்பளி வியாபாரி, மூன்றாவது கேள்வியில் ஓர் அரிசி வியாபாரி. மேசைகளுக்கு அடியில் இடக்கைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. தலைமை ஆசிரியர் அதைக் கவனித்து, எல்லாருக்கும் கை வலியா என்று என்னிடம் கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

இரண்டாம் முறை மைக்கூடு எடுத்துக்கொண்டு போனபோது நானாவின் மேசையைக் கடந்தேன். நிலக்கரி சரி. கம்பளி சரி. மூன்றாவது கேள்வியில் பேனா வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைகளைக் கடனாக வாங்கிய ஆளின் பக்கம். வாங்கிய மூட்டைகள் எல்லாம் வலப்பக்கம். கட்டிய பணமெல்லாம் இடப்பக்கம். ஒரு கோடுகூட இழுக்காமல், ஒரு நொடிகூடத் தயங்காமல், ஒன்றன்கீழ் ஒன்றாக.

நான் நின்றுவிட்டேன். ஒரு கனைப்புப் போதும், நிமிர்ந்து பார்ப்பார். நிமிர்ந்தால் கண்டுபிடித்துவிடுவார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனைத்தது தெரிந்தால் பதினொரு தாளும் செல்லாமல் போகும். மைக்கூட்டை வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். அன்று மாலை நானா எல்லாருக்கும் காப்பிக் கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

முடிவு வந்த அன்று அவரை மட்டும் முன்னதாகவே வரச்சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"எத்தனை?"

"எட்டு."

"எட்டா! ஆறு கேட்டா எட்டு! அப்ப வகுப்பு இருக்கு?"

"இருக்கு நானா. தலைமை ஆசிரியர் சொல்லிப்போட்டார்."

சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு செருப்பையும் கழற்றினார். பிறகுதான், "நான்?" என்றார்.

இல்லை என்று தலையை அசைத்தேன். காகிதத்தைக் கையில் வாங்கிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பின்பு அதைத் திருப்பி, மறுபக்கத்தைப் பார்த்தார். வெறும் காகிதம்.

"எதுல விழுந்தேன்னு எழுதலையா?"

"எழுத மாட்டினம்."

"எழுத மாட்டானா? எலியா, ஓட்டையா, ஆளான்னு ஒண்ணுமே சொல்ல மாட்டானா? இவ்ளோ தூரம் கப்பல்ல போச்சே வாத்தியாரே!" நான்கு முறை தோற்ற மனிதரின் குரல் அன்றுதான் முதல் தடவையாக உடைந்தது. தோற்றதற்காக அல்ல, காரணம் சொல்லாமல் விட்டார்களே என்பதற்காக.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சொன்னால் என்னை வெறுப்பார் என்று தெரிந்தும் சொன்னேன்.

"நான் கண்டனான், நானா. நீங்கள் எழுதேக்கை கண்டனான். மூண்டாவது கேள்வி. முழுக்கப் பக்கம் மாறிப் போச்சு. பார்த்துக்கொண்டு நிண்டனான், வாய் திறக்கேல்லை."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"தொறந்திருந்தா எட்டும் போயிருக்கும்" என்றார். அதோடு என் பேச்சை விட்டுவிட்டார். அவர் மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. "மூணாவது... மூணாவது என்னா கேள்வி?"

"அரிசி வியாபாரி."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தொலைந்த மூட்டை அகப்பட்டவர்போல மேசையில் தட்டினார்.

"அதான்! நிலக்கரிய நான் கண்ணால பாத்ததில்ல. கம்பளியும் வித்ததில்ல. அதுக்கெல்லாம் யோசிச்சு யோசிச்சுக் கைய நீட்டுனேன். அரிசி மூட்டைன்னு படிச்சதும் கடைக்குள்ள போயிட்டேன் வாத்தியாரே. பரீட்சைல இருக்கோம்ங்கிறதே மறந்து போச்சு."

சொல்லிவிட்டு, மடியிலிருந்து பணப்பையை எடுத்து அடுத்த பரீட்சைக்கான கட்டணத்தை என் மேசைமேல் எண்ணி வைத்தார். கடை மூடப் போகிறதே என்றேன். மூடட்டும், சோத்துக் கடையில் இலை எடுத்தாவது ஆறு மாதம் ஓட்டுவேன் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே எனக்கு நிலக்கரி வேணாம், கம்பளி வேணாம். எல்லாக் கணக்கையும் அரிசியிலேயே குடுங்க. அதுலதான் விழுந்தேன், அதுலயே எந்திரிக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்க்காமல் இருக்கக் கணக்குப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். நியூகாசில் நகரத்து நிலக்கரி வியாபாரி ஒருவர் இருந்தார். ரப்பரை எடுக்காமல், அவர் பெயர்மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டு அரிசி வியாபாரி என்று எழுதினேன். அதன் பிறகு ஆறு மாதம், மூவாரில் எங்கள் வகுப்பில் அரிசியைத் தவிர வேறு வியாபாரமே நடக்கவில்லை.